கான்கிரீட் மூடுவதற்கு முன்

2022 டிசம்பர் 23-ஆம் தேதி பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. அதன்பிறகு ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பேருந்துக்குக் காத்துக் கிடந்தார்கள். 2025 ஏப்ரல் 6, ராம நவமியன்று புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்குள் மறுபடி ரயில் வந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம், 18.3 மீட்டரில் 99 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிடத் தூக்கப்படும் 72.5 மீட்டர்க் கண் ஒன்று. அது 17 மீட்டர் உயரம் செங்குத்தாக ஏறுவதை நாடே பார்த்துக் கைதட்டியது.

கைதட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அந்தப் பாலத்தின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி உண்டு. கட்டுகிறவர் கட்டிக்கொண்டிருக்கும்போது, பணம் கொடுக்கிற உரிமையாளரின் சார்பில் சைட்டில் நின்று பார்த்தது யார்? எந்தக் கட்டத்தில், என்ன அதிகாரத்தோடு பார்த்தார்?

பெரிய வேலைகளில் இதற்கான பதில் சுலபமாகக் கிடைக்காது. பாம்பனையே எடுத்துக்கொள்வோம். பாலம் ரயில்வேயுடையது. ரயில்வேக்காக வேலையை நடத்தியது அதன் பொதுத்துறை நிறுவனமான ரயில் விகாஸ் நிகாம். கடலில் இறங்கிக் கட்டியது ஆமதாபாத் ஒப்பந்த நிறுவனம். தூக்குக் கண்ணின் வடிவமைப்பு ஸ்பெயினின் டிப்சா நிறுவனத்துடையது. அதைச் சரிபார்த்தவை சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள். இத்தனை கைகள் மாறும் வேலையில் ஒவ்வொருவரும் தன் பங்கை ஒழுங்காகச் செய்தாலும், ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் ஏதாவது நழுவிப் போகும். அந்த இடைவெளியில் நிற்கத்தான் உரிமையாளரின் ஆள் தேவை.

2024 நவம்பர் 13, 14 தேதிகளில் ரயில் பாதுகாப்பு ஆணையர் பாலத்தை ஆய்வு செய்தார். இவர் ரயில்வே நிர்வாகத்தின் கீழ் இல்லாதவர்; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். ரயில்வேயைச் சோதிப்பவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்ற தெளிவான காரணத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அவர் அறிக்கை கடுமையாக இருந்தது. திட்டமிடல் முதல் கட்டி முடித்தது வரை பளிச்சென்று தெரியும் குறைகள் இருப்பதாக எழுதினார். வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு என்றால் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்ற ரயில்வே வாரியத்தின் சொந்த விதி பின்பற்றப்படவில்லை என்றார். ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. இந்த வேலையிலிருந்து விலகி நின்றதைச் சுட்டினார். தூக்குக் கண்ணின் வெல்டிங் இணைப்புகளைப் பற்றியும், துருப்பிடிக்கத் தொடங்கியிருப்பதைப் பற்றியும் கேள்வி எழுப்பினார். அதன் பின், பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குக் கண்ணில் 50 என்ற வேக வரம்போடும் நிபந்தனைகளோடும் அனுமதி கொடுத்தார்.

ரயில்வே தரப்பு பதில் சொன்னது. வடிவமைப்பு இரண்டு ஐ.ஐ.டி.களால் சரிபார்க்கப்பட்டது, வெல்டிங்குகள் நவீன அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்கப்பட்டன, திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பார்த்தது என்றது. ஆணையர் எழுப்பியவற்றை ஆராய ஐந்து பேர் குழுவும் அமைக்கப்பட்டது. பாலத்தில் இன்று ரயில் ஓடுகிறது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது இந்தப் பத்தியின் வேலை கிடையாது. இந்தக் கேள்விகள் கேட்கப்பட்ட நேரம்தான் உறுத்துகிறது. பட்டறையில் கர்டர் அறுக்கும்போது, முதல் வெல்டிங் ஓடும்போது, முதல் பைல் இறங்கும்போது எழுந்து தீர்ந்திருக்க வேண்டிய கேள்விகள் அவை. எல்லாம் முடிந்து, பெயின்ட்டும் அடித்து, தீவே ரயிலுக்காக ஏங்கி நிற்கும்போது வருகிறவர் கையில் என்ன இருக்கும்? காகிதங்களும், கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பும், ஒரு சுத்தியலும்.

கட்டுமானத்தின் இயல்பே இப்படித்தான். ஒவ்வொரு வேலையும் அதற்கு முந்தைய வேலையை மூடிவிடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடும். வெல்டிங்கைப் பெயின்ட் மூடும். பைலைக் கடலே மூடிவிடும். அலை ஏறி இறங்கும் பகுதியில் கம்பிக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவே 75 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்கை ஒழுங்காக வைத்தார்களா என்பதைச் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும். அதைத் தவறவிட்டால், பிறகு கருவி வைத்துத் துழாவலாம், துளை போட்டுப் பார்க்கலாம்; இரண்டுமே அரைகுறைதான். பாம்பன் காற்றில் உப்பு அவ்வளவு கடுமை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் துருப்பிடித்தலைச் சோதிக்கவென்றே பக்கத்து மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அரை அங்குலம் கவர் குறைந்தால் அது சின்னத் தப்பு ஆகாது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கீழக்கரை, தேவிபட்டினம், பரமக்குடி, முதுகுளத்தூர் என்று ஊருக்கு ஊர் வளைகுடா நாட்டு சைட்களில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃபோர்மேனாக, கம்பி கட்டுகிறவராக, தர ஆய்வாளராக. அங்கே ஒரு ஸ்லாப் போடுவதென்றால் ஒப்பந்தக்காரர் முதலில் ஆய்வுக்கு எழுதிக் கேட்க வேண்டும். உரிமையாளர் வைத்திருக்கும் கன்சல்டன்ட்டின் ஆள் வந்து கம்பியை எண்ணி, கவரை அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கான்கிரீட் வண்டி கேட்டுக்குள் வரும். மாட்டேன் என்றால் வண்டி திரும்பும். வண்டி திரும்பினால் யாருக்கு நஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல் தடவையே சரியாகக் கட்டுவார்கள். இதே மனிதர்கள் ஊரில் வீடு கட்டும்போது மச்சானையோ சித்தப்பாவையோ சைட்டில் நிற்க வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். மச்சானுக்கு அன்பு உண்டு, அக்கறை உண்டு. எதைப் பார்ப்பது என்று தெரியாது. தெரிந்தாலும், மேஸ்திரியிடம் வேலையை நிறுத்தச் சொல்ல வாய் வராது.

நிறுத்தும் அதிகாரம், அதாவது சைட்டிலேயே முடிவெடுக்கும் உரிமை, அதுதான் இங்கே மையம். பழைய பாம்பன் பாலத்தின் கதையே இதற்குச் சான்று. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126-ஐக் கடலில் தள்ளியது. கப்பலுக்கு வழிவிடும் ஸ்கெர்சர் தூக்குக் கண் தப்பி நின்றது. ஆறு மாதத்தில் பாலத்தைச் சரிசெய்வதாக முதலில் பேச்சு. அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பை ஏற்று அனுப்பப்பட்டவர் அப்போது 32 வயதான இ. ஸ்ரீதரன். தொலைதூர மாநிலங்களிலிருந்து கர்டர்களைக் கொண்டு வரும் யோசனை ஓடிக்கொண்டிருந்தபோது, விழுந்த கர்டர்கள் பக்கத்திலேயே கடலடியில் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்த முடிவெடுத்து, 46 நாளில் பாலத்தை முடித்தார். இந்தக் கதையை வேகத்துக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்கிறார்கள். உரிமையாளரான ரயில்வேயின் ஆள் கடற்கரையிலேயே இருந்தார், மீனவர் சொன்னதைக் காதில் வாங்கினார், அன்றைக்கே முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. வேகம் அங்கிருந்துதான் வந்தது. கண்காணிப்பு வேலையைத் தாமதப்படுத்தும் என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் சென்னையில் இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்த குடும்பங்களின் சார்பில் அந்த சைட்டில் நின்று கேள்வி கேட்கும் தொழில்நுட்பக் கண் ஒன்றாவது இருந்திருக்க வேண்டாமா? கட்டுகிறவரும் விற்கிறவரும் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் வலிமைச் சோதனைக்கு வார்த்த 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கியூப் 28-வது நாளில் என்ன சொன்னாலும் கேட்பவர் இல்லை.

அரசு வேலைகளில் உரிமையாளர் யார் என்பது இன்னும் குழப்பமானது. ஆவணத்தில் ஒரு துறை. உண்மையில் வரி கட்டுகிற நாம். துறையின் உதவிப் பொறியாளர் ஒருவரிடம் பல சைட்கள் இருக்கும். எம்.புக் எனும் அளவுப் பதிவேட்டில் அளவு எழுதி பில் ஏற்றுவதற்கே அவருக்கு நேரம் சரியாகிவிடும். அளவு பார்ப்பது வேறு, தரம் பார்ப்பது வேறு. முதலாவதைப் பெரும்பாலும் வேலை முடிந்தபின் செய்யலாம். இரண்டாவதற்கு வேலை நடக்கும்போது அங்கே இருந்தாக வேண்டும். திறப்பு விழா தேதி முதலில் குறிக்கப்பட்டு, பொறியாளர் அந்தத் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிட்டால், அவரால் கான்கிரீட் வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது.

ராமநாதபுரம் கடற்கரையில் மீன்பிடி இறங்குதளம், தடுப்புச்சுவர், சாலை என்று ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சைட் பலகையில் மதிப்பீடும் ஒப்பந்தக்காரர் பெயரும் எழுதியிருக்கும். அதே பலகையில், இந்த வேலையைக் கட்டம் கட்டமாகச் சோதிக்கும் பொறியாளர் யார், கியூப் சோதனை முடிவுகளை எங்கே பார்க்கலாம் என்ற இரண்டு வரியைச் சேர்ப்பதில் எந்தச் செலவும் இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 2(ஜே), ஆவணங்களைக் கேட்பதோடு நிறுத்தவில்லை. அரசு வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால், மனுவைக் கம்பி கட்டத் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும்.