வீட்டுக் காப்பீட்டை இடையில் ரத்து செய்தால் பிடித்தம் கூடாது: எங்கள் நிலைப்பாடு

வீட்டுக்கு எடுத்த காப்பீட்டு பாலிசியை ஒருவர் இடையில் ரத்து செய்தால், பாதுகாப்பு அளித்த நாள்களுக்கான பிரீமியத்தை மட்டுமே நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதித் தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம், நிர்வாகச் செலவு, குறுங்கால விகிதம் என்று எந்தப் பெயரிலும் பிடித்தம் கூடாது. நுகர்வோர் உரிமைக்காக இயங்கும் அமைப்பு என்ற முறையில் இதை எங்கள் நிலைப்பாடாக அறிவிக்கிறோம்.

யாரும் பொழுதுபோக்காக பாலிசியை ரத்து செய்வதில்லை. வீட்டை விற்கிறார்கள், வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கிறார்கள், அல்லது வேறு நிறுவனத்தில் நல்ல பாலிசி கிடைக்கிறது. இவற்றில் வீட்டு விற்பனையைத் தனியாகப் பார்க்க வேண்டும். கிரயப் பத்திரம் பதிவாகி வீடு கைமாறிவிட்டால், விற்றவருக்கு அந்தக் கட்டடத்தில் காப்பீடு செய்யத்தக்க உரிமையே இல்லை. அதன் பிறகு தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் நிறுவனம் அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. பொறுப்பே இல்லாத மாதங்களுக்குப் பணத்தைப் பிடித்து வைப்பது, காலி செய்து போனவரிடம் வாடகை கேட்பதைப் போன்றது.

பழைய அகில இந்தியத் தீக்காப்பீட்டுக் கட்டண விதிகளில் குறுங்கால அட்டவணை ஒன்று இருந்தது. அதன்படி ஒரு மாதத்துக்கு ஆண்டுப் பிரீமியத்தில் 15 சதவீதம், மூன்று மாதங்களுக்கு 40 சதவீதம், ஆறு மாதங்களுக்கு 70 சதவீதம். ஒன்பது மாதங்களைத் தாண்டினால் முழு ஆண்டுப் பிரீமியமும் போய்விடும். 3,600 ரூபாய் கட்டியவர் ஆறு மாதத்தில் விலகினால், நாள் கணக்குப்படி 1,800 ரூபாய் வர வேண்டும். அட்டவணைப்படி கைக்கு வருவது 1,080 ரூபாய். இடையிலுள்ள 720 ரூபாய்தான் ரத்துக் கட்டணம். அந்தப் பெயர் மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 ஜூன் 11 அன்று பொதுக் காப்பீட்டுக்கு வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை இந்த நிலையை மாற்றியது. தனிநபர் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்யலாம். ஓராண்டு வரையிலான பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லையென்றால், மீதிக் காலத்துக்கான பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தந்தாக வேண்டும். நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ரத்து செய்வதானால் மோசடி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும், ஏழு நாள் அறிவிப்பும் தர வேண்டும். இந்தச் சீர்திருத்தத்தை மனதார வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக் காப்பீட்டைப் பொறுத்தவரை வேலை பாதியில்தான் நிற்கிறது.

காரணம், வீட்டுக் காப்பீடு பல ஆண்டுகளுக்குச் சேர்த்து விற்கப்படுகிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியைப் பத்து ஆண்டுகள் வரை எடுக்கலாம். கடன் வாங்கும்போது மொத்தப் பிரீமியத்தையும் கடன் தொகையோடு சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பிரீமியத்துக்கும் கடன்காரர் வட்டி கட்டுகிறார். இத்தகைய பாலிசிகளில் இன்னும் தொடங்காத ஆண்டுகளுக்கான பிரீமியத்தை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்கிறது சுற்றறிக்கை. நடப்பு ஆண்டு கணக்கில் வராது. பத்து ஆண்டுகளுக்கு 24,000 ரூபாய் கட்டிய ஒருவர் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் கடனை அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகளுக்கு 14,400 ரூபாய் திரும்பி வரும். நான்காம் ஆண்டில் மீதமிருக்கும் எட்டு மாதங்களுக்கான 1,600 ரூபாய் வராது. ஓராண்டு பாலிசிக்காரருக்குக் கிடைக்கும் நாள் கணக்கு, நம்பிப் பத்து ஆண்டுக்கு முன்பணம் கட்டியவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நடப்பு ஆண்டையும் நாள் கணக்கில் சேர்த்து ஆணையம் விதியைத் திருத்த வேண்டும்.

பொறுப்பு ஒருமுறை தொடங்கிவிட்டால் பிரீமியத்தைப் பிரிக்க முடியாது என்ற வாதம் மிகப் பழையது. 1777-இல் இங்கிலாந்தில் டைரி - ஃபிளெட்சர் வழக்கில் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு அப்படித்தான் தீர்ப்பளித்தார். ஓராண்டுக்குக் காப்பீடு செய்த கப்பல் இரண்டு மாதங்களுக்குள் பறிபோனது. மீதி மாதங்களுக்கான பிரீமியம் திரும்பத் தரப்படவில்லை. ஆனால் பொறுப்பு ஏற்கப்படாத இடத்தில் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கொள்கையையும் அதே தீர்ப்புதான் சொன்னது. ஆண்டு ஆண்டாக, நாள் நாளாகக் கணக்கிட முடிகிற இன்றைய வீட்டு பாலிசிக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது பாதிதான்.

நிறுவனங்களின் வாதங்களில் கனமான ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வரும் ஆபத்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை. அக்டோபரில் பாலிசி எடுத்து ஜனவரியில் ரத்து செய்பவர், ஆபத்தான மூன்று மாதங்களைக் கால் பங்கு விலையில் வாங்கிவிடுகிறார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஜனவரியில் எடுத்து செப்டம்பரில் வீட்டை விற்பவர், மழையில்லாத மாதங்களுக்கு முக்கால் பங்கு விலை கொடுத்திருக்கிறார். அவருக்குக் கூடுதலாகத் திருப்பித் தர எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. பருவத்தைக் கணக்கில் எடுப்பதென்றால் இரு பக்கமும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

பாலிசி வழங்கும் செலவு, முகவர் கமிஷன் பற்றிய வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. அது தொழில் நடத்துவதன் செலவு. 2012-இல் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான அபராதத்தை ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தடை செய்தது. கடனுக்கு நீங்கிய தண்டனை, அதே கடனோடு ஒட்டி வந்த காப்பீட்டில் மட்டும் மிச்சமிருக்க நியாயமில்லை.

கிளெய்ம் வாங்கியவர்கள் விஷயத்திலும் நிதானம் வேண்டும். வீடு முழுவதும் அழிந்து காப்பீட்டுத் தொகை முழுவதையும் பெற்றவருக்குப் பிரீமியத்தையும் திருப்பித் தரச் சொல்லவில்லை. ஆனால் 40 லட்ச ரூபாய் பாலிசியில் தண்ணீர்க் குழாய் வெடித்ததற்கு 12,000 ரூபாய் பெற்றவர், மீதிக் காலப் பிரீமியம் முழுவதையும் இழப்பது அநியாயம். பெற்ற தொகைக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டு மீதியைத் தரலாம்.

வங்கிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கடன் உள்ளவரை பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கும். வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் ரத்து கோரிக்கை நகராது. கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு சொல்கிறது. அதே கெடுவுக்குள் காப்பீட்டுக்கான சான்றையும் தர வேண்டும் என்று கோருகிறோம். ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இருப்பது போல, வாங்கிய 30 நாள்களுக்குள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வசதி வீட்டு பாலிசிக்கும் வர வேண்டும். கடன் கோப்புக்குள் கையெழுத்தோடு கையெழுத்தாகச் செருகப்படும் பாலிசிக்கு இது மிகவும் தேவை.

வீட்டுக் கடனை அடைத்தவர்களும் வீட்டை விற்றவர்களும் பழைய கோப்பை எடுத்து, அதில் காப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரத்துக் கடிதத்தை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அனுப்பி, கிடைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையாகப் புகார் செய்து ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.