படிக்கப் போன பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. 2024 மே மாதம் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கொலிஜ் வட்டத்தில் காசாவுக்காக மாணவர்கள் கூடாரம் அடித்திருந்த நேரம், வேலை செய்கிற குசினியில் கேட்டேன், பிறந்தநாள் விழாவில் கேட்டேன், கோயிலில் அன்னதான வரிசையிலும் கேட்டேன். "என்ர மகளுக்குச் சொல்லிப்போட்டன், அந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது எண்டு." ஜூலை 2ஆம் திகதி நீதிமன்றம் கூடாரங்களை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. அடுத்த நாள் மாணவர்கள் தாங்களாகவே கழற்றிக்கொண்டு போனார்கள். "உதை எப்பவோ செய்திருக்கவேணும். கம்பஸ் எண்டது படிக்கிற இடம் தம்பி" என்றார் எங்கள் குசினியில் ஒரு அண்ணை.

அண்ணைக்கு அப்போது சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமில்லை, அவரைப்போல நினைக்கிற எல்லோருக்கும்.

முதலில் என்னுடைய தகுதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கவேண்டாம். யாழ்ப்பாணக் கம்பஸில் கலைப்பீடத்தில் இரண்டு வருடம் படித்தேன். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு படிப்பும் இல்லை, பட்டமும் இல்லை. கனடாவுக்கு வந்து கோப்பை கழுவினேன், மரக்கறி வெட்டினேன், இப்போது அடுப்படியில் நிற்கிறேன். பட்டம் இல்லாதவன் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கதைக்கலாமா என்று கேட்டால், கதைக்கலாம். பசித்தவனுக்குத்தான் சோற்றின் அருமை தெரியும்.

"கம்பஸ் படிக்கிற இடம்" என்பது அண்ணை கண்டுபிடித்த வசனம் இல்லை. மிகப் பழைய வசனம். 1964ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. அந்தக் கதை தெரியாமல் யாரும் இந்தத் தர்க்கத்துக்குள் இறங்கக்கூடாது.

பெர்க்லி வளாகத்தின் தெற்கு வாசலில், பான்க்ரொஃப்ட் வீதியும் டெலிகிராஃப் வீதியும் சந்திக்கிற இடத்தில், 26 அடி அகலமான செங்கல் பதித்த நடைபாதைத் துண்டு ஒன்று இருந்தது. மாணவர்கள் அதில் மேசை போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள், காசு சேர்ப்பார்கள், ஆள் சேர்ப்பார்கள். 1964 செப்டெம்பர் 14ஆம் திகதி மாணவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான கத்தரின் டௌல் ஒரு கடிதம் அனுப்பினார். இனி அந்த நடைபாதையில் மேசை இல்லை, காசு சேர்ப்பு இல்லை, வெளி அரசியல் இல்லை.

அந்த மேசைகளில் எதற்காகக் காசு சேர்த்தார்கள்? மாணவர் சம்பளத்தைக் குறைக்கவா? விடுதிச் சாப்பாடு சரியில்லை என்றா? இல்லை. இரண்டாயிரம் மைல் அளவு தள்ளியிருந்த மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்வதற்காக. அந்தக் கோடையில் அங்கே வேலை செய்யப் போன மூன்று இளைஞர்களை இனவெறியர்கள் கொன்று மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். ஓகஸ்ட் மாதம்தான் உடல்களை எடுத்தார்கள். அதே கோடையில் மிசிசிப்பிக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பி வந்த ஒரு பெர்க்லி மாணவர்தான் மாரியோ சாவியோ. கதைக்கும்போது திக்குகிற பெடியன்.

இன்னொரு விசயமும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது. அதே 1964 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஷெரட்டன் பலஸ் ஹொட்டேலுக்குள் மாணவர்களும் மற்றவர்களும் புகுந்து நிலத்தில் இருந்து மறியல் செய்தார்கள். கறுப்பு ஆட்களுக்கு அடிமட்ட வேலையைத் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களில் சாவியோவும் ஒருவர். கடைசியில் ஹொட்டேல்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். முன்னுக்கு நிற்பவன் என்ன நிறம், பின்னுக்குக் கழுவுபவன் என்ன நிறம் என்பதை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அந்த மாணவர்கள் "எங்களுக்கென்ன, நாங்கள் படிக்க வந்தனாங்கள்" என்று இருந்திருந்தால் யாருக்கு நட்டம் என்று எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

ஒக்டோபர் 1ஆம் திகதி வளாகத்துக்குள்ளேயே மேசை போட்டிருந்த ஜக் வைன்பேர்க் என்பவரைப் பொலிஸ் பிடித்துக் காருக்குள் ஏற்றியது. யாரோ "இருங்கோ" என்று கத்த, மாணவர்கள் காரைச் சுற்றி இருந்துவிட்டார்கள். 32 மணித்தியாலம் கார் அசையவில்லை, உள்ளே வைன்பேர்க். சாவியோ காரின் கூரை பழுதாகாமல் இருக்கச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறிப் பேசினார். அந்தக் கூரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு மேடையானது. டிசெம்பர் 2ஆம் திகதி ஸ்ப்ரௌல் மண்டபத்துக்குள் போய் இருந்தார்கள். ஆளுநர் பட் பிரௌன் பொலிஸை அனுப்பினார். விடிய விடிய சுமார் 800 பேரைப் படிகளால் இழுத்துக்கொண்டு போனார்கள். டிசெம்பர் 8ஆம் திகதி பேராசிரியர்களின் சபை கூடி, பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக்கூடாது என்று தீர்மானித்தது. ஆதரவு 824, எதிர்ப்பு 115.

இதில் எங்களவர்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. தடை வந்தவுடன் ஒன்றாகச் சேர்ந்த மாணவர் அமைப்புகளில் இடதுசாரிகள் மட்டும் இருக்கவில்லை. வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வோட்டருக்கு வேலை செய்த மாணவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் கண்ணில் காட்டக்கூடாத ஆட்கள். ஆனால் மேசை போடுகிற உரிமை எல்லோருக்கும் பொது என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. பக்கத்து மேசையைத் தூக்கினால் நாளைக்கு என்னுடைய மேசையும் போகும். இவ்வளவுதான் பேச்சுச் சுதந்திரம். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

*

இனி அண்ணையிடம் ஒரு கேள்வி. 2009 மே 10ஆம் திகதி ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தது யார்? நாங்கள்தான். பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு தாய்மார் நின்றார்கள். முன்னுக்கு நின்று ஆங்கிலத்தில் செய்திக்காரருக்குப் பதில் சொன்னது யார்? கம்பஸ் பெடியளும் பெட்டையளும். அதற்கு முதல் மாதம் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்ததிலும் இளம் ஆட்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். பரீட்சைக் காலம் அண்ணை அது! "படிக்கப் போன பிள்ளை" என்று அன்றைக்கு யாராவது சொன்னோமா? இல்லை. பெருமைப்பட்டோம்.

அன்றைக்கு அந்த வசனத்தைச் சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? கார்டினரில் மாட்டுப்பட்டிருந்த வெள்ளைக்காரர். "உங்கட நாட்டுப் பிரச்சினையை ஏன் இங்க கொண்டுவாறியள்?" என்று வானொலியில் வந்து திட்டினார்கள். எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது! பதினைந்து வருடத்தில் நாங்களே அந்தக் காருக்குள் ஏறி இருந்து ஹோர்ன் அடிக்கிறோம்.

"அது எங்கட சனம், இது ஆற்றையோ பிரச்சினை" என்று சொல்வீர்கள். மிசிசிப்பி பெர்க்லிக்கு ஆற்றையோ பிரச்சினைதான்.

*

பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். பயப்படக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ருமெய்சா ஒஸ்துர்க் என்ற துருக்கி மாணவி, மாணவர் பத்திரிகைக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 2025 மார்ச்சில் முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். லூசியானாவில் ஆறு கிழமைக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். மே 9ஆம் திகதி நீதிபதி சொன்ன பிறகுதான் விட்டார்கள். வெள்ளை வானைப் பார்த்த சனத்துக்கு இந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிரஜாவுரிமை இல்லாத பிள்ளையைப் பார்த்துத் தாய் "கவனம்" என்று சொல்வது நியாயம்.

ஆனால் பயத்துக்குக் கொள்கை என்று பெயர் வைக்காதீர்கள். "எனக்குப் பயமாக் கிடக்கு மோனை" என்பது உண்மை. "கம்பஸ் படிக்கிற இடம்" என்பது பொய். முதலாவதைச் சொன்னால் பிள்ளைக்கு உங்களை விளங்கும். இரண்டாவதைச் சொன்னால் பிள்ளைக்கு நீங்கள் யார் என்றே விளங்காமல் போகும்.

நிர்வாகங்களை நம்பச் சொல்லியும் நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் செத்துப்போன போராட்டம் என்றால் நல்ல விருப்பம். பெர்க்லியில் 800 பேரை இழுத்துக்கொண்டு போன அந்த மண்டபத்தின் படிகளுக்கு 1997இல் "மாரியோ சாவியோ படிகள்" என்று பெயர் வைத்தார்கள், ஆள் செத்து அடுத்த வருடம். பேச்சுச் சுதந்திர இயக்கத்தின் பெயரில் நூலகத்தோடு ஒரு கோப்பிக் கடைகூடத் திறந்தார்கள். 2025 செப்டெம்பரில் அதே பெர்க்லி, யூத எதிர்ப்பு விசாரணை என்ற பெயரில் மத்திய அரசு கேட்டபோது, சுமார் 160 மாணவர், ஆசிரியர், ஊழியர் பெயர்களைக் கொடுத்துவிட்டது. சுவரில் சாவியோ, கோப்புக்குள் உன்னுடைய பெயர். இங்கேயும் அப்படித்தான். 2018இல் ஒன்ராறியோவின் ஃபோர்ட் அரசு எல்லாப் பல்கலைக்கழகங்களும் 2019 ஜனவரி 1ஆம் திகதிக்குள் பேச்சுச் சுதந்திரக் கொள்கை வைத்திருக்கவேண்டும் என்று கட்டளை போட்டது. 2024இல் மாணவர்கள் உண்மையாகவே பேச வெளிக்கிட்டபோது, கூடாரத்தைக் கழற்று என்று சொன்னதும் அதே ஃபோர்ட்தான்.

பெர்க்லியில் எனக்குப் பிடித்த நினைவுச்சின்னம் வேறு. ஸ்ப்ரௌல் சதுக்கத்தின் தரையில் ஒரு கருங்கல் வளையம், நடுவில் ஆறு அங்குல அகலத்தில் வெறும் மண். அந்த மண்ணும் அதற்கு மேலே உள்ள காற்றும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, யாருடைய அதிகாரத்துக்கும் உட்பட்டதில்லை என்று வளையத்தில் எழுதியிருக்கிறது. ஆறு அங்குலம் கால் வைக்கக்கூடக் காணாது. அகதிக்கோரிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தவர்களுக்கு அந்த ஆறு அங்குலத்தின் பெறுமதி தெரியவேண்டும்.

*

இனி எங்கள் வீட்டுக்குள் வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல்.

2012 நவம்பர் 27இல் யாழ் பல்கலைக்கழக விடுதிக்குள் இராணுவம் புகுந்ததும், அடுத்த நாள் ஊர்வலம் போன மாணவர்களை அடித்ததும், நாலு பேரைப் பிடித்து வெலிகந்தைக்கு "புனர்வாழ்வு"க்கு அனுப்பியதும் எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்ததும், மாணவர்கள் வாசலில் இருந்து மூன்றாம் நாளே திரும்ப அடிக்கல் வைக்கப் பண்ணியதும் தெரியும். இதையெல்லாம் பகிர்ந்தோம், கண்ணீர் விட்டோம். சரி.

1986 நவம்பரில் அதே பல்கலைக்கழகத்தில் விஜிதரன் என்ற மட்டக்களப்பு மாணவர் கடத்தப்பட்டார். "எங்கட நண்பனைத் தாருங்கோ" என்று மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், யாழ்ப்பாணத் தெருவில் ஊர்வலம் போனார்கள். சிங்கள இராணுவத்திடம் கேட்கவில்லை, எங்கள் துவக்குகளிடம் கேட்டார்கள். விஜிதரன் திரும்பி வரவில்லை. அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்ற விமலேஸ்வரன் 1988இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்திய இராணுவம், அரசு, இயக்கங்கள் என்று ஒருவரையும் விடாமல் எழுதிய உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்தால் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். புலிகள்தான் என்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1991இல் கவிஞர் செல்வி, நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த மாணவி, புலிகளால் கொண்டுபோகப்பட்டார். அடுத்த வருடம் பென் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. வாங்க ஆள் வரவில்லை.

இவர்கள் நிர்வாகத்தின் கடிதத்துக்கு எதிராகப் பேசவில்லை, துவக்குக்கு எதிராகப் பேசினார்கள். நான் கம்பஸில் இருந்த இரண்டு வருடத்தில் இவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. இங்கே ரொறன்ரோவில் துவக்கு இல்லை. ஆனாலும் ஒரு மேடையில் ராஜினி என்று சொல்லிப் பாருங்கள். "இப்ப ஏன் உதைக் கிளறுறாய்?" "எதிரிக்கு வாய்ப்புக் குடுக்கிறாய்." "ஆற்றை காசு உனக்கு வருகுது?" தூபியை இடித்த அரசாங்கமும் ஒற்றுமையைப் பற்றித்தான் கதைத்தது!

தூபிக்கு அழுகிற உரிமையும் செல்வியைக் கேட்கிற உரிமையும் ஒரே உரிமை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது. அரசின் குற்றம் இதனால் ஒரு அணுவும் குறையாது. குறையும் என்று பயப்படுகிறவர்களுக்குத் தங்கள் நியாயத்திலேயே நம்பிக்கை இல்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

ஆகவே அண்ணை, நாளைக்கு உங்கள் மகள் கம்பஸில் ஒரு மேசை போட்டால் தடுக்காதீர்கள். குளிர் உடுப்புப் போடச் சொல்லுங்கள், வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் எழுதிவிடுங்கள், சாப்பாடு கட்டிக் கொடுங்கள். நான் சமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பக்கத்தில் தனக்குப் பிடிக்காத ஒருத்தன் வந்து மேசை போட்டால் அதைத் தூக்கி எறியக்கூடாது. எங்கள் தலைமுறை படிக்காமல் விட்ட பாடம் அதுதான்.