கடலிற் சேரும் நீர் வீணோ?

முப்பத்தோராண்டுகள் உபாத்தியாயராகக் கடமையாற்றிய காலத்தில் மாணவர் கட்டுரைகளில் நான் திருத்தாது விட்ட பிழைகள் பலவாக இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்று இப்பொழுது என் நெஞ்சை உறுத்துகின்றது. 'இலங்கையின் ஆறுகள்' என்று தலைப்புக் கொடுத்தால், பிள்ளைகள் தவறாமல் எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு. மகாவலி கங்கை மலைநாட்டில் உற்பத்தியாகி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவிலே கடலிற் கலந்து வீணாகின்றது என்பதே அது. நீளம் சரியா, குடாவின் பெயர் சரியா, ஒருமை பன்மை சரியா என்று பார்த்துச் சிவப்பு மையினாற் சரி போட்டுக்கொண்டே போனேன். 'வீணாகின்றது' என்ற சொல்லின்மேல் என் பேனை ஒரு நாளேனும் தங்கியதில்லை. அந்தக் குடாவைத் தினமும் கண்ணாற் காணும் ஊரிலே இருந்துகொண்டு இதனைச் செய்தேன் என்பதுதான் வெட்கம்.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் பெயரோடு சேர்த்து வழங்கும் ஒரு கருத்து நம் பாடப்புத்தகங்களிற் பரம்பரையாக இருந்து வருகின்றது. மழைநீர் மனிதனுக்குப் பயன்படாமற் கடலைச் சென்றடையலாகாது என்பது அதன் சாரம். வறண்ட நாட்டிலே ஏரி கட்டிய மன்னனுக்கு அது தகும். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு கடலோரத்து மனிதனை அளக்கப் புகுந்தால், அவன் மனிதனல்லன் என்றல்லவா முடிகின்றது? கடலைச் சேரும் நீர் அவனுக்குப் பயன்படுகின்றதே!

இந்த எண்ணம் எனக்கு மூதூரிலே தோன்றவில்லை. சொன்னாற் சிரிப்பீர்கள். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஒரு கடிதத்திலே தோன்றிற்று. என் பழைய மாணவன் ஒருவன் வன்கூவர் நகரிலே குடியேறியிருக்கின்றான். வகுப்பிலே கணக்குக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடியவன். அங்கேயும் அவனுக்கு மீன் பைத்தியம் தீரவில்லை. 'ஸ்டீல்ஹெட்' என்றொரு மீனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றான். பறவை இறகையும் நூலையும் முள்ளிலே சுற்றி, பூச்சி போலத் தோன்றும் பொய்யிரை ஒன்றைச் செய்து, நீண்ட கோலாலும் கனத்த நூலாலும் அதனை ஆற்றின் மேல் வீசி அம்மீனைப் பிடிப்பார்களாம். பிடித்தபின், அது காட்டாற்றிலே தானே பிறந்து வளர்ந்த மீனாயின், ஆற்றிலே திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். (இதை மூதூர்த் துறையிலே சொல்லிப் பார்த்தேன். நம்பினார் இல்லை.)

ஆனால் அவன் கடிதங்களிலே மீனைக் காட்டிலும் நீரைப் பற்றிய பேச்சே மிகுதி. ஸ்டீல்ஹெட் ஆற்றின் மேற்பகுதியிலே, கூழாங்கற்களுக்கிடையில், முட்டையிலிருந்து வெளிவந்து, ஓரிரண்டு ஆண்டுகள் ஆற்றிலே வளர்ந்து, பின்பு கடலுக்குச் சென்று பெருத்து, பிறந்த ஆற்றையே மணத்தால் அறிந்து திரும்பி வருவது. சில கோடையில் வரும். சில மாரியில் வரும். மழை பெய்து ஆறு பெருகி மண்ணிறமானால் தூண்டில் போடுவது வீண். வற்றித் தெளிந்துவிட்டாலும் மீன் மருண்டு ஒதுங்கிவிடும். வெள்ளம் வடியத் தொடங்கி, கலக்கம் அடங்கி, நீர் பசுமை கலந்த நிறத்தை அடையும் அந்தச் சில நாட்களே நாட்கள். அதற்காக அவன் உத்தியோகத்துக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு காத்திருக்கின்றானாம். நீர்மட்டம் எத்தனை அங்குலம் இறங்கிற்று, வெப்பம் எத்தனை பாகை, எத்தனை அடி ஆழம் கண்ணுக்குத் தெரிகின்றது என்று நாள்தோறும் குறிப்பு எழுதுகின்றான். என் வகுப்பிலே ஒரு கணக்கையும் ஒழுங்காக முடிக்காதவன் இவன்.

இக்கடிதத்தை வாசித்த கிழமையிலே ஒரு காரியமாக மூதூருக்குச் சென்றிருந்தேன். கார்த்திகை மாதம், வாடை வீசத் தொடங்கியிருந்தது, குடாவின் தெற்குப் பாதி செம்மண் கரைத்தது போலக் கிடந்தது. வலையைப் பழுது பார்த்துக்கொண்டு துறையிலே அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "காக்கா, கடலுக்குப் போகவில்லையோ?" என்று கேட்டேன்.

"கங்கை இன்னும் பால்த் தேத்தண்ணி நிறத்திலே கிடக்குது, மாஸ்டர். வெறுந்தேத்தண்ணியாக வரட்டும், பிறகு இறக்குவம்" என்றார்.

நான் திகைத்து நின்றேன். பசிபிக் மகாசமுத்திரத்துக்கு அக்கரையிலே என் மாணவன் கருவி கொண்டு அளப்பதையும், இங்கே இவர் தேநீர்க் கோப்பை கொண்டு அளப்பதையும் இணைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கல்வி. ஒன்று அச்சிலே ஏறியிருக்கின்றது. மற்றது இவரோடு போகவிருக்கின்றது.

ஒரு விசேஷம் இங்கே கூற வேண்டும். ஸ்டீல்ஹெட் மீனின் உடன்பிறப்பு மகாவலியின் தலைமாட்டிலேயே வாழ்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே, தங்கள் தூண்டில் விளையாட்டுக்கென்று வெள்ளையர் நுவரெலியாப் பகுதியின் ஓடைகளிலே ட்றவுட் மீன்களைக் கொணர்ந்து விட்டனர். அவற்றுள் நன்றாக வேரூன்றிய வானவில் ட்றவுட், ஸ்டீல்ஹெட் இரண்டும் விலங்கியலாருக்கு ஒரே இனம். கடலுக்குப் போவது ஸ்டீல்ஹெட். ஆற்றோடு நின்றுவிடுவது ட்றவுட். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து மகாவலிக்கு இறங்கும் நீரிலே இருக்கும் அந்த மீன், ஆற்றின் போக்கிலே வந்தாற் கொட்டியாரக் குடாவுக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆனால் வராது. குளிர்நீரிலே பிறந்த அதற்கு நம் தாழ்நிலத்து வெந்நீர் யமன்.

அது வராவிட்டாலும் குறையில்லை. நமக்குக் கொடுவா உண்டு. கொடுவாவின் வாழ்க்கை ஸ்டீல்ஹெட்டின் வாழ்க்கையைக் கண்ணாடியிலே பார்த்தது போன்றது. அது ஆற்றிலே பிறந்து கடலில் வளர்வது. இது கழிமுகத்தின் உவர்நீரிலே பிறந்து, மாரி வெள்ளம் பரந்த களப்புகளிலும் சதுப்புகளிலும் ஆற்றிலும் வளர்ந்து, இனம் பெருக்கக் கழிமுகத்துக்கு மீள்வது. இறாலும் ஏறத்தாழ அப்படியே. கடலிலே முட்டையிட, குஞ்சு களப்புக்குள் வந்து வளர்ந்து, பருவத்திலே வெளியேறும். விலாங்கோ ஆழ்கடலிலே பிறந்து ஆறேறி வருகின்றது. இவை எல்லாவற்றுக்கும் வாசற்படி ஒன்றே: நன்னீர் உவர்நீரைச் சந்திக்கும் முகத்துவாரம். அந்த வாசலைத் திறப்பதும், உவர்ப்பைத் தணிப்பதும், வண்டலோடு உணவைக் கொண்டு வந்து இடுவதும் ஆற்றுவெள்ளம். வீணாகின்றது என்று நாம் எழுதிய நீர் செய்யும் வேலை இது.

அந்த வெள்ளம் முன்னாளிலே இரு பருவத்தில் வந்தது. ஐப்பசி முதல் தை வரை வாடையோடு வரும் மாரி வெள்ளம் யாவரும் அறிந்தது. மற்றையது நுட்பமானது. வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையிலே கச்சான் காற்று அனலாக வீசும்; வானத்திலே ஒரு மேகமும் இராது. அதே வேளையிலே மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தென்மேல் பருவமழை கொட்டும். ஊர் காய்ந்து கிடக்க, ஆறு மட்டும் எங்கோ பெய்த மழையைச் சுமந்து வரும். "மழையில்லாத வெள்ளம்" என்று பெரியவர் இதனைச் சொன்னார். இப்பொழுது அந்தப் பெயரை வேறொன்றுக்கு வழங்குகின்றார்களாம்: மேலே அணைக்கதவு திறந்ததனால் முன்னறிவிப்பின்றி ஒரு காலையிலே ஏறி, மறு காலையிலே இறங்கிவிடும் நீருக்கு. சொல் இருக்கின்றது, பொருள் மாறிவிட்டது.

மாறிய காரணம் வெளிப்படை. 1976இலே பொல்கொல்லையிலே அணையிட்டு, மலையைக் குடைந்து, மகாவலி நீரின் ஒரு பகுதியை வடக்கே திருப்பினார்கள். அதிலே ஒரு பங்கு இன்று கலா ஓயாப் பக்கத்து வயல்களுக்குப் போய், எஞ்சியது மேற்குக் கடலை நோக்குகின்றது. 1980களிலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று வரிசையாக நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொறகஹகந்த 2018இல் வந்தது. தென்மேல் பருவத்து மலைநீரையே இவற்றுட் பல முதலில் ஏந்திக்கொள்கின்றன. நான் இவற்றை இடிக்கச் சொல்பவன் அல்லன். மின்விளக்கின் கீழே இருந்துகொண்டு, சோறு உண்டுவிட்டு எழுதுகின்றேன். பெருவெள்ளம் என்பது எப்போதும் அருள் அன்று என்பதும் அறிவேன். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த வெள்ளம் மூதூரையும் வெருகலையும் படுத்திய பாட்டைக் கண்டவர்கள், ஆற்றுநீரைப் புகழ்ந்து எழுதுபவனைச் சற்றே முறைத்துப் பார்ப்பார்கள். அது நியாயமே.

என் வாதம் சிறியது. நீரைப் பங்கிடும் கணக்கிலே கழிமுகத்துக்கும் ஒரு வரி வேண்டும் என்பதே அது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பு ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது, அதிகாரிகள் வருகின்றனர், வட்டவிதானைமார் வருகின்றனர், இன்ன திகதியிலே வாய்க்காலைத் திறப்பது, இன்ன திகதியிலே மூடுவது என்று தீர்மானமாகின்றது. நான் சென்றிருந்த கூட்டங்களிலே ஒரு மீனவர் அமர்ந்திருக்கக் கண்டதில்லை. வயலுக்கு நாள் குறிப்பது போல முகத்துவாரத்துக்கும் ஒரு நாள் குறித்தால் என்ன? கச்சான் காலத்திலே சில நாள், முன்னறிவித்து, மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் ஒரு சிறு வெள்ளம் விட்டால் என்ன?

இதனைக் கனவென்று தள்ளுபவர்கள் நைல் நதியைப் பார்க்கலாம். 1964இலே அஸ்வான் பேரணை நைலின் வெள்ளத்தை ஏந்தத் தொடங்கிற்று. அதற்கு முன்பு எகிப்தின் வடகடலிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் சாளை மீன் பட்டது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் ஆயிரம் தொன்னும் தேறவில்லை. வெள்ளம் கொணர்ந்த உரத்திலே தழைத்த நுண்ணுயிர்கள் போயின. அவற்றை உண்ட மீனும் போயிற்று. பல்லாண்டுகளின் பின்பு அங்கே மீன்பிடி ஓரளவு மீண்டது. வயல்களின் உரமும் நகரங்களின் கழிவுநீரும் கடலைச் சேர்ந்தமை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. அந்த வழியை நாம் விரும்பமாட்டோம். ஸ்டீல்ஹெட் நாட்டிலோ மறுகோடிக்கே போய்விட்டனர். வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றிலே 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளைத் தகர்த்தார்கள். கிளாமத் ஆற்றிலே நான்கு அணைகளைத் தகர்க்கும் வேலை 2024இலே முடிந்தது. எல்வாவின் மேற்பகுதிக்கு ஸ்டீல்ஹெட் மீண்டும் ஏறிவிட்டது என்று என் மாணவன் எழுதியிருந்தான். கடிதத்திலே ஆச்சரியக்குறி மூன்று இட்டிருந்தான். வழக்கம்போல இரண்டு அதிகம்.

உபாத்தியாயர்களுக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் தனியாக ஒரு விண்ணப்பம். பள்ளுப் புலவர்கள் ஆற்றிலே புதுவெள்ளம் வந்ததும், அதிலே துள்ளிவரும் மீன்களைப் பெயர் பெயராக அடுக்கினார்கள். அதனைப் பரீட்சைக்கு மனனம் செய்விக்கின்றோம். ஆனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் வெருகலிலும் இன்று வழங்கும் மீன்பெயர்களையும், காற்றின் பெயர்களையும், நீரின் நிறத்துக்குரிய பெயர்களையும் ஒரு கொப்பியிலே எழுதிவரும்படி எந்த மாணவனையும் அனுப்பியதில்லை. மருதமும் நெய்தலும் கைகோக்கும் நிலத்தைப் புத்தகத்திலே தேடிக் களைக்கின்றோம். ஒரு கொப்பியோடு போனால் அது துறையிலே அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கின்றது. ஆண்டுதோறும் கங்கை எந்நாள் கலங்கிற்று, எந்நாள் தெளிந்தது, எந்நாள் இறால் புறப்பட்டது என்று ஒரு பாடசாலை பத்தாண்டுகள் குறித்து வைத்தால், ஆரம்பக் கூட்டத்திலே மீனவர் கையிலே அது ஒரு சாட்சியாக இருக்கும். வெறுங்கையோடு போனால் யாரும் கேளார்.

நான் இப்பொழுது அந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியிருக்கின்றேன். பிந்தியதுதான். சென்ற வாரம் என் மாணவனிடமிருந்து கடிதம் வந்தது: அங்கே ஆறு இறங்கிக்கொண்டிருக்கின்றதாம், நாளையோ மறுநாளோ பச்சை நிறம் வந்துவிடுமாம், இங்கே கங்கை எப்படி இருக்கின்றது என்று கேட்டிருந்தான். மூதூருக்குப் போய்ப் பெரியவரைக் கேட்டேன். அவர் எழுந்து, கையிலே நீரை அள்ளி வெயிலிலே பிடித்துப் பார்த்து, இன்னும் எட்டு நாள் என்றார். அப்படியே பதில் எழுதியிருக்கின்றேன்.