பல்கலைக்கழக அட்டையும் ஓர் அமானிதமே

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், அலுவல் சார்ந்த சிறு கொள்முதல்களுக்காக ஊழியர்களின் பெயரிலேயே கொள்முதல் அட்டை வழங்கப்படுகிறது. அட்டையில் இருப்பது நம் பெயர். செலவாவதோ நிறுவனத்தின் பணம். சொந்தப் பொருள் வாங்கலாகாது; அட்டையைப் பிறரிடம் கொடுக்கலாகாது; வரம்பை மீறும் தொகையை இரண்டாகப் பிரித்துச் செலுத்தலாகாது; ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். இவையே பொதுவான விதிகள்.

"அவசரத்திற்குத்தானே எடுத்தோம், நாளையே கட்டிவிடுவோம்" என்று நம் உள்ளம் சமாதானம் சொல்லும். இங்கே கேள்வி தொகையைப் பற்றியதன்று, அனுமதியைப் பற்றியது. அனுமதியின்றி எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டால், எடுத்த செயல் ஆகுமானதாகிவிடாது.

பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடியே. மறுமை நாளில் அவர் அதனைச் சுமந்து வருவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட அன்ஸாரித் தோழர் ஒருவர், தம் பொறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார் என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அந்த அச்சத்தில் ஒரு துளியேனும் நமக்கு வேண்டாமா? கைதவறிச் சொந்தச் செலவுக்கு அவ்வட்டையை நீட்டிவிட்டால், கணக்குப் பார்ப்பவர் கேட்கும் முன் நாமே அறிவித்துவிடுவோம். கேட்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது.