டிரைசூட் வாங்கப் பணம் கேட்கிறாரா உங்க பிள்ளை? முதலில் அந்த ஹோஸைப் பற்றிக் கேளுங்க!

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா மெயில் அனுப்பியிருந்தார். மகன் நார்வேயில், பெர்கன் நகரில் படிக்கிறார். அங்கே டைவிங் கிளப்பில் சேர்ந்திருக்கிறார். "யாரோ போட்ட டிரைசூட்டாம், பாதி விலைக்கு வருதாம். பணம் அனுப்பச் சொல்றான். கடலுக்குள்ள போறதுக்குப் போய் செகண்ட் ஹேண்டா? வாங்கித் தரலாமா தம்பி?"

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலுக்கடியில் போனது ஒரே ஒருமுறை, அதுவும் புதுச்சேரியில். அரைமணி நேரம் ஒரு மெல்லிய வெட்சூட்டில் மிதந்துவிட்டு வந்து, மூன்று நாள் ஆபீஸில் அதையே பேசி எல்லோரையும் கடுப்பேற்றியவன். நம் ஊர்க் கடலுக்கு அந்த சூட் போதும். பெர்கன் கதையே வேறு. குளிர்காலத்தில் அங்கே கடல்நீர் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். விரல் மரத்துப்போனால் ஒரு பக்கிளைக்கூடக் கழற்ற முடியாது. அதனால் தம்பி கேட்பது ஆடம்பரம் இல்லைம்மா, தேவைதான்.

வெட்சூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் புகும். உடம்பு அதைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். டிரைசூட்டுக்குள் தண்ணீரே வரக்கூடாது. உள்ளே இருப்பது காற்றும், நாம் போட்டிருக்கும் கம்பளி உடையும்தான். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மூன்றடுக்குத் துணியில் வரும் 'ட்ரைலாமினேட்' சூட், மழைக்கோட்டு மாதிரி. தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. குளிரைத் தாங்குவது உள்ளே போடும் ஃப்ளீஸ் அல்லது மெரினோ கம்பளி. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்து அதுவே குளிரும். நியோப்ரீன் சூட்டுக்குச் சொந்தமாகவே கொஞ்சம் கதகதப்பு உண்டு. ஆனால் கனமானது, காயவும் நேரமாகும். மாணவர் விடுதி அறையில் அதை எங்கே காயப்போடுவார்? என்னைக் கேட்டால் ட்ரைலாமினேட்டும் நல்ல உள்ளாடையும்தான்.

சரி, செகண்ட் ஹேண்ட் விஷயம். தப்பே இல்லை, பார்த்து வாங்கினால். கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் ரப்பர் பட்டையை 'சீல்' என்பார்கள். லேடெக்ஸ் சீல் என்றால் வெயிலிலும் வயதிலும் வெடித்துப்போகும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் நுண்ணிய கீறல்கள் தெரியும், இல்லை என்றால் பிசுபிசுவென ஒட்டும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் பேசிக் குறைக்க வேண்டும். லேடெக்ஸ் அலர்ஜி இருப்பவர்களுக்கு சிலிகான் சீல். அதற்கான வளையம் சூட்டில் இருந்தால், கிழிந்தாலும் பசை இல்லாமல் கரையிலேயே மாற்றிவிடலாம். போடும்போது வாசனை இல்லாத டால்க் பவுடர் தடவ வேண்டும். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட வேண்டும், நீள நகம் கூடாது.

அடுத்து ஜிப். சூட்டிலேயே மாற்றுவதற்கு அதிகச் செலவு வைப்பது இதுதான். பித்தளைப் பல்லில் ஒன்று வளைந்திருந்தாலும் அந்த சூட்டை விட்டுவிடலாம். ஜிப் முதுகுப்பக்கம் இருந்தால் பூட்ட இன்னொருவர் வேண்டும். முன்பக்கம் குறுக்கே வந்தால் தானே போட்டுக்கொள்ளலாம். அளவு பார்க்கும்போது உள்ளாடையோடு போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இழுத்துப் பிடித்தால் சின்ன சைஸ்.

இப்போது தலைப்பில் சொன்ன ஹோஸ். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. சூட்டுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். சூட் உடம்பை நெரிக்கும், மிதக்கும் தன்மையும் குறையும். அதை ஈடுகட்ட, சிலிண்டரிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் நெஞ்சில் இருக்கும் வால்வுக்குக் காற்று கொண்டுவர வேண்டும். மேலே வரும்போது தோள்பட்டைக்குக் கீழே, கையில் இருக்கும் வால்வு வழியாக அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

2020 நவம்பர் 1. அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில், மெக்டொனால்ட் ஏரியில் ஒரு பயிற்சி டைவ். 18 வயது மாணவி. பயன்படுத்திய டிரைசூட் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். அவருடைய ரெகுலேட்டரோடு அந்த சூட்டை இணைக்கும் ஹோஸ் இல்லை. அப்படியே இறங்கினார். பாக்கெட்டுகளில் சட்டென்று உதற முடியாதபடி சுமார் 20 கிலோ ஈயம் இருந்ததாகப் பெற்றோர் தொடர்ந்த வழக்கில் சொல்லப்பட்டது. ஆழம் போகப் போக சூட் இறுக்கியது. அவர் திரும்பவில்லை. இதைப் படித்த இரவு, அந்த அம்மாவின் மெயிலை இன்னொருமுறை திறந்து பார்த்தேன்.

அதனால் அம்மா, மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவைதான். ஹோஸ் சூட்டோடு வருகிறதா, அவன் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் பொருந்துகிறதா? எடைக்கட்டிகளை ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா? டிரைசூட்டுக்கென்று இருக்கும் தனிப் பயிற்சியை முடித்தானா? தலைகீழானால் காற்று காலுக்குப் போய் ஆளையே மேலே இழுத்துவிடும். அதிலிருந்து மீளும் வித்தையைப் பயிற்சியில்தான் கற்றுத் தருவார்கள். முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மற்றவை எல்லாம் பிறகு. தலைக்குத் தடித்த நியோப்ரீன் ஹுட் கட்டாயம். கைக்கு முதலில் சாதாரண நியோப்ரீன் கையுறை போதும். தொடைப் பாக்கெட் வசதி, பேட்டரி வெஸ்ட் சொகுசு. சூட்டின் பூட்ஸ் பெரிதாக இருக்கும், பழைய துடுப்பு நுழையாமல் போகலாம். அதற்கும் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, உள்ளே இருந்தபடியே சிறுநீர் கழிக்க ஒரு வால்வு விற்கிறார்கள். நீண்ட டைவ்களுக்குத்தான் அது. அரைமணி நேரத்துக்கு, இறங்கும் முன் பாத்ரூம் போய்விட்டு வந்தால் போதும் என்று நீங்களே மகனிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சரியாக இருக்காது!

ஹோஸ், வால்வு, ஜிப் மூன்றையும் போட்டோ எடுத்து கிளப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு பணத்தை அனுப்பலாம்.