சிறுமலை வளைவில் 'டர்போ' ஆட்டம்! தாங்குமா இன்ஜின்? தாங்குமா ரோடு?

குதிரை மேல் எவ்வளவு மூட்டை ஏற்றலாம் என்பது சிறுமலைக்காரர்களுக்கு அத்துப்படி. மலைத் தோட்டங்களில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ரோடு வரை வருவது குதிரை முதுகில்தான். அளவுக்கு மேல் ஒரு தார் கூட வைத்தால் குதிரை நின்றுவிடும். அடித்தாலும் நகராது.

காருக்குள் இருக்கிற குதிரை அப்படி நிற்காது. ஏற்ற ஏற்ற ஓடும். ஓடி ஓடி, ஒருநாள் பிஸ்டன் உடைந்து நடுரோட்டில் படுத்துவிடும்!

இந்தக் 'குதிரை' சமாச்சாரம்தான் இப்போது வாலிபர்களைப் பிடித்து ஆட்டுகிறது. 'டர்போ' கார் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு அதன் சக்தியை ஏற்றப் பார்க்கிறார்கள். விடுமுறை நாளில் நத்தம் ரோட்டில் பிரிந்து, 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைச் சோதித்துப் பார்க்க ஆசை வருகிறது.

கார் அவர்கள் கார். காசு அவர்கள் காசு. 'எரிகிற வயிறு யாருக்கு?' என்று கேட்கலாம். ஆனால் அந்த ரோடு எல்லோருடையது. அதே வளைவில்தான் கூலிக்குப் போகிற பெண்கள் நடந்து வருகிறார்கள். அதே வளைவில்தான் பஸ் திரும்புகிறது.

லேப்-டாப்பில் ஒரு தட்டு!

முன்பெல்லாம் வண்டியின் வேகத்தைக் கூட்டுவது என்றால் பட்டறையில் ஒரு வாரம் படுக்கப் போட வேண்டும். ஹெட்டைக் கழற்றி, கடைந்து, கார்புரேட்டரை மாற்றி... பெரிய வேலை. இப்போது அதெல்லாம் கிடையாது. காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது தீப்பொறி தட்ட வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்க வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறது கம்பெனி. அந்த எழுத்தை அழித்து வேறு எழுதுகிறார்கள். இதற்கு 'ரீமேப்' என்று பெயர். சில மணி நேர வேலை!

"அண்ணே, 110 குதிரையை 140 ஆக்கித் தர்றோம்" என்பார் கடைக்காரர். ஆக்கியும் தருவார். அது பொய் இல்லை. டர்போ காரில் காற்றைக் கொஞ்சம் கூட அமுக்கினால் சக்தி ஏறத்தான் செய்யும். கேள்வி அதுவல்ல. எந்தப் பெட்ரோலை நம்பி அதை ஏற்றினார்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

'ஆக்டேன்' என்பது சக்தி அல்ல!

பங்கில் விலை கூடின பெட்ரோல் ஒன்று தனியாக இருக்கிறது. அதை மொபெட்டுக்கு ஊற்றிக்கொண்டு, "வண்டி சும்மா பறக்குது" என்கிறவர்கள் உண்டு. பறக்காது, ஐயா! அந்த வண்டிக்கு அது தண்டச் செலவு.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமையைக் காட்டும் நம்பர். அவ்வளவுதான். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் அமுக்கப்படும்போது சூடேறும். தீப்பொறி விழுகிற வரை அது பொறுத்திருக்க வேண்டும். விழுந்த பிறகும், ஒரு முனையில் பற்றிய தீ மறுமுனைக்கு வந்து சேரும் வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் தானாகவே குப்பென்று வெடித்தால், பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி 'டக் டக்' என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். "இன்ஜின் தட்டுது" என்பதும் இதைத்தான்.

எவ்வளவு அமுக்கினாலும் பொறுக்கிற 'ஐசோ ஆக்டேன்' என்ற திரவத்துக்கு 100 மார்க். சட்டென்று வெடிக்கிற 'ஹெப்டேன்' என்பதற்குப் பூஜ்யம். இவை இரண்டையும் வைத்து 1920-களில் அமெரிக்காவில் போட்ட கணக்கு இது. இந்தத் தட்டலை அடக்கத்தான் 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கக் கண்டுபிடித்தார்கள். ஈயம் தட்டலை அடக்கியது. ஆனால் ஊரெல்லாம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. இந்தியாவில் அதை முழுக்க ஒழிக்க 2000-ம் ஆண்டு ஆயிற்று.

டர்போ காரில் காற்று ஏற்கெனவே அமுக்கித்தான் உள்ளே போகிறது. இன்னும் அமுக்கினால் இன்னும் சூடு. அதற்கு இன்னும் பொறுமையான பெட்ரோல் வேண்டும். இதுதான் முழுக் கதையும்!

91 எந்த 91?

இங்கேதான் பெரிய கூத்து நடக்கிறது.

இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலுக்கு ஆக்டேன் 91 என்பது பல வருடக் கணக்கு. வெளிநாட்டில் எழுதின ரீமேப் ஒன்று வருகிறது. அதிலும் '91' என்று போட்டிருக்கிறது. "ஆகா, நம்ம ஊர் பெட்ரோலுக்கே சரியாப் போச்சு" என்று ஏற்றிவிடுகிறார் ஒருவர். முடிந்தது!

அமெரிக்காவில் ஆக்டேனை அளக்கிற முறையே வேறு. இரண்டு சோதனைகளின் சராசரியை அங்கே பம்பில் எழுதுகிறார்கள். ஒரு சோதனையின் நம்பரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் நாம். அதனால் அவர்களது 87-தான் நம் 91. அவர்களது 91 என்பது நம் கணக்கில் 95, 96. அவர்களது 93 நம் ஊரில் 98! இரண்டு ஊர்ப் படியும் ஒரே படி என்று நினைத்து அரிசி அளந்த கதைதான்.

ஆள் புத்திசாலியாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல். 97 ஆக்டேன், 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு என்றே எழுதின ரீமேப்புகள் உண்டு. 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் முதலில் பத்து நகரங்களில் இறக்கியது. அன்றைக்கே லிட்டர் 160 ரூபாய். எல்லா ஊர் பங்கிலும் கிடைக்கிற சரக்கு அல்ல அது. நகரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். தீர்ந்ததும்? வத்தலக்குண்டிலோ வடமதுரையிலோ கிடைத்ததை ஊற்றுவார்கள்.

நல்ல ரீமேப் என்றால் காரில் இருக்கிற 'நாக் சென்சார்' தட்டலைக் கேட்டுத் தீப்பொறியைத் தள்ளிப் போடும். இன்ஜின் தப்பிக்கும். ஆனால் சக்தி இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கின குதிரை எல்லாம் லாயத்துக்குத் திரும்பிவிடும்! மோசமான ரீமேப் என்றால் அந்தச் சென்சாரின் வாயையே கட்டிப்போட்டிருப்பார்கள். அப்புறம் இன்ஜினுக்குக் கடவுள்தான் துணை.

எத்தனால் வந்த பிறகு?

20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுக்கப் பரவியது. இதனால் ஆக்டேன் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் அந்த ஆண்டு ஆகஸ்டில் சொன்னது. ஆக்டேன் விஷயத்தில் இது டர்போ காருக்கு நல்லதுதான். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் எத்தனாலுக்கு வெப்பம் குறைவு. பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் அதே வேலைக்கு அதிகமாக ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலுக்கு எழுதின ரீமேப்பில், ஆக்சிலேட்டரை அடியோடு மிதிக்கும்போது பெட்ரோல் பற்றாமல் போனால் கலவை மெலிந்து சூடு ஏறும். ஆக்டேனில் வந்த லாபம் அதில் போய்விடும். எழுதினவர் அதைத் திருத்தினாரா? கேட்டால்தான் தெரியும்.

மலையில் என்ன ஆகும்?

சமவெளி நான்கு வழிச்சாலையில் கார் 100-ல் போகும்போது முன்னால் இருந்து காற்று வீசி, டர்போ சுடவைத்த காற்றைக் குளிர வைக்கிறது. அதற்கென்று 'இன்டர்-கூலர்' என்று ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. சிறுமலை ஏற்றத்தில் கார் 30, 40-க்கு மேல் போக வழி இல்லை. காற்று வீச்சு குறைவு. ஆனால் இன்ஜின் முழு பாரத்தையும் இழுக்கிறது. சூடு ஏறிக்கொண்டே போகும்.

உயரம் போகப் போகக் காற்றும் மெலியும். ஆயிரம் மீட்டரில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சாதாரணக் கார் அங்கே மூச்சு வாங்கும், அதனாலேயே பிழைத்துக்கொள்ளும். டர்போ கார் விடாது. குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். இன்னும் சுடும். கோடையில் அடிவாரத்திலேயே வெயில் கொளுத்துகிறது. நால்வர் காரில், டிக்கியில் பிரியாணி அண்டா!

இதில் இன்னொரு கெட்ட பழக்கம். வளைவில் கியரை இறக்காமல், மூன்றாவதில் வைத்தே அழுத்தி மிதிப்பது. சின்ன டர்போ இன்ஜினுக்கு இதைவிட ஆபத்து இல்லை. வேகம் குறைவு, பாரம் அதிகம். தீப்பொறி விழும் முன்பே வெடிக்கிற பொல்லாத வெடிப்பு அப்போதுதான் வரும். ஒரே வெடியில் பிஸ்டன் விண்டுபோன கேஸ்கள் உலகம் முழுக்க உண்டு. இது ரீமேப் செய்யாத டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கியர் பெட்டி சொல்லும் கணக்கு

இன்ஜின் தாங்கினாலும் கியர் பெட்டி தாங்க வேண்டுமே? ஃபோக்ஸ்வாகன் கார்களில் வரும் ஏழு கியர் 'டி.எஸ்.ஜி.' பெட்டி ஒன்று. அது தாங்கும் இழுவிசைக்குக் கம்பெனி போட்ட வரம்பு 250 நியூட்டன் மீட்டர். 2013-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜி.டி.யின் 1.2 லிட்டர் இன்ஜின் கொடுத்தது 175. தாராளமாக இடம் இருந்தது. 2022-ல் வந்த விர்ட்டஸ் 1.5 லிட்டர் கம்பெனியிலிருந்து வரும்போதே 250! எல்லைக் கோட்டில் நிற்கிற வண்டி. அதை இன்னும் ஏற்றினால், கிளட்ச் போனபின் வாரண்டி என்று கம்பெனியிடம் போய் நிற்க முடியாது.

பந்தய உலகமே கண்ட பாடம் இது. ஃபார்முலா ஒன்றில் ரெனால்ட் 1977-ல் டர்போவைக் கொண்டுவந்தது. 1986-ல் பி.எம்.டபிள்யூ.வின் ஒன்றரை லிட்டர் இன்ஜின் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரையைத் தாண்டியது. டொலுயீன் மிகுந்த தனி எரிபொருள். சில சுற்றுகளில் இன்ஜின் காலி! தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவார்கள். அவர்களுக்குக் கட்டும். கடைசியில் அழுத்தத்துக்கு வரம்பு போட்டு, 1989-ல் டர்போவையே தடை செய்தார்கள். ராலியிலும் காற்று போகிற துவாரத்துக்கு அளவு உண்டு. 1995-ல் அதில் தில்லுமுல்லு செய்து பிடிபட்ட டொயோட்டா அணிக்கு ஒரு வருடத் தடை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே வரம்பு உண்டு!

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு தனி; முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை உள்ளே.

பிடிப்பது யார்? புகைச் சோதனையில் பெட்ரோல் காரை நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். மிதித்தால்தானே ரீமேப் தெரியும்? சொந்தக் காருக்கு எப்.சி. 15 வருடம் கழித்து. அதற்குள் கார் மூன்று கை மாறிவிடும்!

அந்த மூன்றாவது கைதான் பாவம். ஒரு கிளார்க், ஒரு மளிகைக் கடைக்காரர். சீட்டுப் பணத்தில் பழைய டர்போ கார் வாங்குகிறார். விற்கிறவர் பழைய எழுத்தையே திரும்ப ஏற்றிக் கொடுத்துவிட்டால், பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி. இரண்டு வருடம் அடி வாங்கின பிஸ்டன் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? பழைய கார் வாங்குகிறவர்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை எழுதி அழித்தார்கள் என்ற தடயம் பல கார்களில் இருக்கும். சில நூறு ரூபாய் செலவு. தப்புவது சில லட்சம்.

வாலிபர்களுக்கு ஆசை இருக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது. எதிரே பஸ் வராத ரோடு. அங்கே போய் ஆசை தீர ஓட்டட்டும்.

ரீமேப் செய்கிற கடைக்காரர் பில்லில் இரண்டு வரி எழுத வேண்டும். எந்த முறை ஆக்டேன், எவ்வளவு. கியர் பெட்டியின் வரம்பு எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு. எழுத மறுப்பவர் கடையில் காரை விடக் கூடாது.

பெட்ரோல் கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். அமெரிக்காவில் 1979 முதல் ஒவ்வொரு பம்பிலும் ஆக்டேன் நம்பரை ஒட்டியாக வேண்டும். இங்கே விலை மட்டும் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆக்டேன் நம்பரைப் பங்குப் பையனிடம் கேட்டால், "சாதாவா, பவரா சார்?" என்று திருப்பிக் கேட்கிறான். ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் ஒரு நம்பர். என்ன செலவாகிவிடும்?

அடிவாரத்தில் வனத்துறை செக்-போஸ்ட் இருக்கிறது. பாட்டில், பிளாஸ்டிக் பார்க்கிற கண், சைலென்சரை அறுத்துக்கொண்டு 'டப்... டப்...' என்று வெடித்தபடி வருகிற காரையும் பார்க்கலாம். அப்படிப்பட்ட காரைத் திருப்பி அனுப்ப ஆக்டேன் மீட்டர் எதுவும் வேண்டாம். காது போதும்.