அலமாரியா, ஃப்ரிட்ஜா?

போன கோடையில் எங்கள் வீட்டில் ஒரு ஜாடி மாங்காய்த் தொக்கு குப்பைக்குப் போனது. அம்மா போட்டால் அடுத்த மாங்காய் சீசன் வரை அலமாரியிலேயே நிற்கும். நான் போட்டது பன்னிரண்டாம் நாளே பூஞ்சை பூத்துவிட்டது. அதே ஜாடி, அதே அலமாரி, வேடு கட்டிய துணிகூட அம்மா கொடுத்ததுதான். கணவருக்கு பிபி என்பதால் உப்பைப் பாதியாக்கியிருந்தேன். போகிற போக்கில் நல்லெண்ணெயிலும் கை வைத்திருந்தேன்.

போனில் புலம்பியதும் அம்மா சொன்னாள்: "உப்பையும் எண்ணெயையும் கொறச்சா அது தொக்கு இல்லடி, துவையல். துவையலை யாராவது பன்னெண்டு நாள் வெளியில வைப்பாளா?"

திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நானும் இதையேதான் சொல்வேன். உள்ளே காவலுக்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உப்பும் சர்க்கரையும் கிருமிகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்கின்றன. புளிப்பு அவற்றை வளர விடாது. மேலே நிற்கும் எண்ணெய், காற்றைத் தடுத்துப் பூஞ்சையை விரட்டுகிறது. இந்தக் காவல் பலமாக இருந்தால் அலமாரி போதும். வினிகர், சுத்தமான தேன், எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் எல்லாம் இந்த வகை. தேனை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் உறைந்து கட்டியாகிவிடும், அவ்வளவுதான் லாபம்.

"ஹோட்டலில் கெச்சப்பை மேஜையிலேயே வைக்கிறார்களே?" என்பீர்கள். அங்கே பாட்டில் இரண்டு நாளில் காலி. நம் வீட்டில் அது மூன்று மாதம் குடியிருக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு ஃப்ரிட்ஜ்தான் சரி. சர்க்கரை குறைத்த ஜாமும் அப்படியே. அதில் பூஞ்சை வந்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கியிருக்கும்.

மயோனைஸைத் திறந்தால் ஃப்ரிட்ஜ்தான். அதுவும் கதவில் வேண்டாம், அங்கே குளிர்ச்சி குறைவு. உள்தட்டில் வையுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கலாம். வீட்டில் செய்தாலும் பச்சை முட்டை பச்சை முட்டைதான்.

இதையெல்லாம்விட எனக்கு பயம் தருவது எண்ணெயில் போட்ட பூண்டு. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் பொட்டுலிசம் என்ற கடும் நச்சுப் பாதிப்புக்கு ஆளானார்கள். காரணம், சோயா எண்ணெயில் போட்டிருந்த நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்கவும் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, வெளியிலேயே வைத்திருந்தார்கள். பூண்டில் புளிப்புக் கிடையாது. எண்ணெய்க்கு அடியில் காற்றும் கிடையாது. பூஞ்சையை விரட்டும் அதே எண்ணெய், காற்றில்லாத இடத்தில் வளரும் இந்தக் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்த நஞ்சு நிறத்தையோ மணத்தையோ மாற்றாது. மோந்து பார்த்து முடிவு செய்கிற நம் மூக்கு இங்கே உதவாது. எனவே வீட்டில் அரைத்த இஞ்சி பூண்டு விழுதை, எண்ணெய் ஊற்றியிருக்கிறோமே என்று மேடையில் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கானது ஃப்ரிட்ஜில், மிச்சம் ஐஸ் ட்ரேயில் போட்டு ஃப்ரீஸரில். புளியும் உப்பும் தாராளமாகப் போட்டுக் காய்ச்சிய பூண்டு ஊறுகாய் வேறு கதை.

பாட்டில் வாங்கியதும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்கு எட்டவில்லையா, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டுங்கள். ஈரக் கரண்டி மட்டும் எதிலும் வேண்டாம்.

இந்த வருஷமும் உப்புக் குறைத்த தொக்குதான். கால் கிலோ மட்டும் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். தயிர் சாதத்துக்கு ஜில்லென்று இருக்கிறது என்று கணவர் முணுமுணுக்கிறார். சாப்பிடும் முன் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறேன். அம்மாவின் ஜாடியில் இப்போது கல் உப்பு இருக்கிறது.